ஊற்றாத மூன்றாவது கோப்பை

தமன்ராசெத்

உம்மா, உங்கள் கைகளுக்கு என் முத்தம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

போன வாரம் மணற்புயலில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடும்வரை கையால் காற்றுப்பையை அழுத்தியே மூச்சுக் கொடுத்தோம். எல்லாக் குழந்தைகளும் பிழைத்தன. தலைமை நர்ஸ் ஆயிற்றே, அடுத்த ஷிஃப்டுக்கும் நானே நின்றேன்.

அது முடிந்ததும், இந்தப் பாலைவனத்துத் துவாரெக் இனத்து நர்ஸ் கெனான் தேநீர் போட்டு என்னை உட்காரவைத்தான். இவர்களிடம் மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்தால் அவமரியாதை. இரண்டாவதோடு தூங்கிவிட்டேன். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

"மூணாவது எங்கேடா?"

"ஊத்தினா எந்திரிச்சுப் போயிடுவீங்களேக்கா!"

காய்ந்த அத்திப்பழம் அனுப்புங்கள். இங்கே எல்லோரையும் படுக்க விரட்டுவது நான்தான்; என்னை விரட்ட யாருக்கும் துணிச்சல் இல்லை. 'போய்ப் படுடி' என்று நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். வார்டில் கூப்பிடுகிறார்கள்.

வர்தியா