முந்திப் போய் இறங்கிய படை

ஏனுங்க,

இன்று காலை நம் கோழிப்பண்ணைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்து போனது. யாரோ தலைவர் சேலத்துக்குப் போகிறாராம். கூண்டுக் கோழிகள் எல்லாம் இறக்கையை அடித்துக்கொண்டு ஒரே அலறல்; நாளைக்கு ஓடு பிடிக்காத தோல்முட்டைதான் மிஞ்சும். நானோ தீவனச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடி, நீங்கள் செய்வதைப் போலவே கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கண்ணில் பட்டிருந்தால், செத்துப்போன மனுசன் இந்த அம்மா மேல் ஏறிக்கொண்டார் என்று பூசாரியைக் கூட்டி வந்திருப்பார்கள்.

பட்டாளத்தில் உங்களுக்கு என்ன வேலை என்று கல்யாணமான புதிதில் தெரியாத்தனமாகக் கேட்டேன். அதற்கு நீங்கள் சொல்ல ஆரம்பித்த பதில், ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும் முடியவில்லை. முட்டை அட்டையை என் முன்னால் வைத்து விளக்குவீர்கள். இந்த வரிசைகள் ஹெலிகாப்டரில் போய்க் குதிக்கும் காலாட்படைகள். அதில் ஒன்று எந்நேரமும் மூட்டையைக் கட்டிக்கொண்டு, சொன்ன மாத்திரத்தில் கிளம்பத் தயாராக இருக்கும். இந்த மூலை, ஹெலிகாப்டருக்கு அடியில் தொங்கவிட்டுக் கொண்டுபோகும் பீரங்கிகள். இது தடையை உடைத்து வழி செய்கிறவர்கள், இது செய்தி அனுப்புகிறவர்கள், இது வைத்தியம் பார்க்கிறவர்கள், இது சோறும் குண்டும் சேர்க்கிறவர்கள். டாங்கி கிடையாது, கனத்த சாமான் கிடையாது. எல்லோருக்கும் முன்னால் போய் இறங்க வேண்டும். பெரிய படை தரைவழியாக வந்து சேரும்வரை பிடித்த இடத்தை விடக் கூடாது. இத்தனை பிரிவும் சேர்ந்த எங்கள் பிரிகேடின் வேலையே அவ்வளவுதான் என்பீர்கள். இதில் நீங்கள் எந்த முட்டை என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சோற்று மூலையைக் காட்டுவீர்கள்.

ஊருக்கு வந்தும் சும்மா இருந்தீர்களா? சாவு விழுந்த வீடுகளில் ஆளுக்கொரு பக்கம் ஓடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், இங்கேயும் ஒரு பிரிகேடை அமைத்துவிட்டீர்கள். பந்தல்காரர், முள் வெட்டி வாசலைச் சுத்தம் செய்ய இரண்டு பேர், சமையல்காரர், அழுது மயங்குகிறவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுக்க ஒருவர். வேட்டுப் போடுகிறவருக்குப் பீரங்கிப்படை என்று பெயர் வைத்தீர்கள். அதிலிருந்து அவர் மீசையை முறுக்காமல் தெருவில் நடந்ததில்லை. ஹெலிகாப்டருக்குப் பதில் குட்டியானை வண்டி. போன் போட்டுச் சொந்தபந்தங்களுக்குச் சொல்லும் செய்திப் பிரிவு நான். சம்பளம் இல்லாத உத்தியோகம்.

அப்போதுதான் பரமத்தி வேலூரிலிருந்து என் பெரியப்பாவைப் பற்றிப் போன் வந்தது. கிணற்றில் யார் எப்போது மோட்டார் ஓட்டுவது என்று அவரும் என் அப்பாவும் சண்டை போட்டு, அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அவர் என்னோடு பேசவில்லை. சின்ன வயதில் என்னைத் தோளை விட்டு இறக்காத மனிதர். அவர் வாயால் இன்னும் ஒரே ஒருமுறை "அம்மிணி" என்று கேட்டுவிட வேண்டும் என்று நான் ஏங்கியது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். போனில் பேசிய பக்கத்து வீட்டுக்காரர், இழுத்துக்கொண்டிருக்கிறது, மதியம் தாண்டாது என்றார். உயிர் இருக்கும்போது போனால் விரட்டிவிடுவாரோ என்று எனக்குப் பயம். முடிந்தது என்று சொல்லட்டும், அப்புறம் போகலாம் என்றேன்.

"ஆனதுக்கப்பறம் கெளம்பறதுக்கு நாம என்ன தரைப்படையா?" என்று சட்டையை மாட்டிவிட்டீர்கள்.

பெரியப்பா வீட்டு வாசலில் உங்கள் படை இறங்கிய வேகம் இருக்கிறதே! யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பந்தக்கால் நட்டாயிற்று, நாற்காலி போட்டாயிற்று, பிணத்தை வைக்கும் குளிர்பெட்டியையும் வண்டியிலிருந்து இறக்கியாயிற்று. அப்போது கொடிக்கால் பக்கமிருந்து, வாய் நிறைய வெற்றிலையோடு பெரியப்பா நடந்து வந்தார். விடிகாலையில் இழுத்தது உண்மைதானாம். காலை வெயில் ஏற ஏறச் சரியாகிவிட்டதாம்.

"ஆருக்குங்க மாப்ள பொட்டி?" என்றார்.

பீரங்கிப்படை வேட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. உங்களுக்குத்தான் பொய்யே வராதே. விறைப்பாக நின்று, "உங்களுக்குத்தானுங்க மாமா. கொஞ்சம் முந்திட்டமுங்க" என்றீர்கள்.

இத்தனை வருசம் காத்திருந்தது இன்றோடு முடிந்தது, இனி அந்த வாசலை மிதிக்க முடியாது என்று வண்டிக்குப் பின்னால் மறைந்து நின்றேன். பெரியப்பா பெட்டியைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஜெனரேட்டர் பின்னால் வருகிறது என்றீர்கள். அவருக்குத் திருப்தி. பெங்களூரில் இருக்கிற அவருடைய பையன்களுக்குக் காலையிலேயே போன் போயிருக்கிறது. ஆன பிறகு சொல்லுங்கள், வருகிறோம் என்றார்களாம். அதை நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். பிறகு தலையைத் திருப்பாமலே கூப்பிட்டார்.

"அம்மிணி, வண்டிக்குப் பொறகால என்ன ஒளிஞ்சுட்டு நிக்கற? வந்த சனத்துக்குத் தண்ணி மோந்து குடு."

குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதேனே, ஞாபகம் இருக்கிறதா? சாவு வீட்டு அழுகை என்று நினைத்து அந்தச் சோடாக்காரர் ஓடி வந்து எனக்கு ஒரு சோடா உடைத்தார். பந்தலைப் பார்த்துவிட்டு ஊரே மாலையோடு வந்துவிட்டது. திரும்பிப் போகப் பார்த்தவர்களைப் பெரியப்பா விடவில்லை. "போட்டுட்டே போங்க. அப்பறம் போட்டா எனக்குத் தெரியவா போவுது?" என்று கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டார். சமையல்காரர் ஆக்கிய சோற்றில் முதல் பந்தியில் உட்கார்ந்தவரும் அவர்தான்.

அவர் இன்னும் கொடிக்காலுக்குப் போய்வருகிறார். நீங்கள்தான் போன தை மாதம், தீவனம் அளந்துகொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். உங்கள் பிரிகேடுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பந்தல்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அழுகிறார். அவர்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார் பெரியப்பா. வேலூரிலிருந்து கைத்தடியோடு, கிடைத்த பஸ்ஸில். உங்கள் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் வேலை சொன்னார். நேரமாகிறது, எடுத்துவிடலாம் என்று பங்காளிகள் சிலர் முணுமுணுத்தபோது, தடியைக் குறுக்கே வைத்தார்.

"ஐதராபாத்லிருந்து பசங்க வாரவரைக்கும் இங்கிருந்து ஒண்ணும் நவுராது."

நவுரவில்லை. நம் பையன்கள் வந்து உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். அதுவரை சாப்பிடாமல், எழாமல் இருந்தார் அந்த மனிதர். பட்டாளத்தைக் கண்ணால் பார்க்காதவர். அன்றைக்கு நான் உடைந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன் என்றால் அவர் அங்கே இருந்ததால்தான்.

பிரிகேடை இப்போது பந்தல்காரர் நடத்துகிறார். நான் அதற்கும் முன்னால் போகிறேன். யாருக்காவது முடியவில்லை என்று காதில் விழுந்தால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுகிறேன். பேச்சுவார்த்தை இல்லாத சொந்தம் என்றால் இன்னும் சீக்கிரம். என்னைக் கண்டாலே, நமக்கு நேரம் வந்துவிட்டதோ என்று பயந்துபோகிறார்கள். நம் பெரியவன் கல்யாணத்திலிருந்து முகம் கொடுக்காத உங்கள் சின்ன அத்தையைப் பார்க்கப் போன வாரம் திருச்செங்கோட்டுக்குப் போனேன். படுத்த வாக்கிலேயே வாசலை எட்டிப் பார்த்து, "வண்டி பின்னால வருதா சாமி?" என்று கேட்டார்.

"இல்லீங்கத்தை. பேசிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அத்தை எழுந்து உட்கார்ந்து, தலையை அள்ளி முடிந்துகொண்டு, "செரி, பேசு" என்றார்.