வேல் மாதிரி ஒரு அம்புமுனை

ஒக். 25, சனி
மப்பு, காற்று. சஷ்டிக்கு முன் வீடு கழுவ வேண்டும். யன்னல் சீலை ஊறப் போட்டாயிற்று. குத்துவிளக்கும் பித்தளை வேலும் நாளைக்குப் புளி போட்டு.

மத்தியானம் இவர் சிறு பெட்டி ஒன்றுடன் வந்தார். நான் மிளகாய்க் காம்பு நுள்ளிக்கொண்டிருந்த மேசையிலேயே கொட்டினார். மான் வேட்டைக்கு அம்புமுனைகளாம். துறைமுகக் கிடங்கில் கூட வேலை செய்கிற றெஜான் தன் பழைய மரவில்லைக் கொடுத்த நாளிலிருந்து மனுசன் நிலத்தில் நிற்கவில்லை. சில்லும் கம்பியும் பூட்டிய புதுவில் கூடாதாம். வெறும் வில்லும் நாணும்தான் ஆண்பிள்ளைக்கு அழகாம். குசினிக்குள் எலி வந்தபோது கதிரையில் ஏறி நின்றவர்.

போகாதேங்கோ என்று ஒரு மாதமாகச் சொல்லியாயிற்று. அதற்கு மட்டும் காது இல்லை.

"முருகனும் வேடனா வந்தவர்தானே அப்பா," என்றார் என்னிடம்.
"வள்ளியிட்ட வந்தவர். ஃபிறீசருக்கு இறைச்சி தேடி வரேல்லை."

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அலகு, இலை போல ஒடுங்கி நுனி. சாமித்தட்டில் நிற்கிற வேலேதான், அளவு மட்டும் சின்னன்.

"இதால மானைக் குத்தப் போறியளோ? சஷ்டிக்குள்ள?"
"லீவு அப்பதான் தந்தவங்கள்."
"இந்த வடிவத்தில இந்த வீட்டிலயிருந்து ஒண்டும் போகாது. மாத்திக்கொண்டு வாங்கோ."

முனைகளைத் திரும்பப் பெட்டிக்குள் பொறுக்கிப் போட்டார். கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். வேட்டைக்காரர்.

ஒக். 27, திங்கள்
வாங்கியது: பால், தேங்காய், கற்பூரம், திரி. அம்புமுனை மாற்றியதற்கு மேலதிகமாகக் காசு வாங்கினார்களாம். வீட்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? சமையல் இல்லை, உடுப்பு இல்லை, மருந்து இல்லை. "வீண்" என்று புதுத் தலைப்புப் போட்டேன். இலைதழை அச்சடித்த அவருடைய காற்சட்டையையும் அதற்குள் ஏற்றினேன்.

புது முனைக்கு மூன்று அலகு. அகலமாகச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. எந்தச் சாமி கையிலும் இல்லாத சாமான். நல்லது.

கீழ்மாடி பத்மா அக்கா போன். இந்த முறை ஆறு நாளும் தண்ணீர் மட்டுமாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "உம்மட அவர் மானுக்குப் போறாராம். விரதம் முடிய எங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வையுமன், பிள்ளை."

ஓம் என்றேன். வேறென்ன.

நவ. 1, சனி. சஷ்டி முதல் நாள்
பாலும் பழமும், ஒரு நேரம். தலையிடி.

றெஜான் வந்தான். கழுவின தரையில் சப்பாத்தோடு. "பொஞ்சூர், மதாம்." முனை ஒன்றை எடுத்துத் தன் கைமயிரை வழித்துப் பார்த்தான், மயிர் என் மேசையில். முகத்தைச் சுளித்துக்கொண்டு இவருக்குப் பிரெஞ்சில் நீளமாகச் சொன்னான். நான் பிரெஞ்சு படித்தது றேடியோவிலும் கடை விளம்பரத் தாள்களிலும்தான். என்றாலும் இவரை விட விளங்கும். மூன்று அலகு உள்ளே இறங்கப் பலமான வில் வேண்டுமாம். இவருக்குத் தோள் நோ, இழுப்பது இலேசான வில். தோலைக் கிழித்துப் பாதியில் நிற்குமாம். மான் அதோடு ஓடி, எங்காவது பற்றைக்குள் கிடந்து மெல்ல மெல்லச் சாகுமாம். "நான் சொன்ன இரண்டலகு எங்கே?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தை. கடையில் முடிந்துவிட்டது என்றார். சஷ்டி நாளில் பொய்.

அவன் போன பிறகு:
"திருப்பி மாத்தட்டோ?"
"உங்கட கை, உங்கட பாவம்."
"நீர்தானே மாத்தச் சொன்னனீர். இப்பவும் நீர்தான் சொல்லவேணும்."

பாவம் செய்யவும் என்னிடம் உத்தரவு. மேசையில் கிடந்த மயிரைத் துடைத்தேன்.

நவ. 3, திங்கள்
ஈரப்பனி. தோத்திரம் சொல்கிறது வாய், மனம் பற்றைக்குள். இவரை மறிக்க முருகனாலும் முடியவில்லை, நாளை விடியப் போகிறார். நான் வடிவம் பார்த்து மறித்தது யாருக்காக? வேலுக்கு மரியாதை, மானுக்குச் சித்திரவதை. நல்ல பக்தி.

மத்தியானம் சொன்னேன், "மாத்துங்கோ."
"அந்த இரண்டலகோ?"
"ஓம். கூராக்கிக்கொண்டு போங்கோ."

வாங்கி வந்து அரத்தால் தேய்த்தார். எனக்குப் பல்லுக் கூசியது. விரலை வெட்டிக்கொண்டார். பிளாஸ்ரர். பறித்து நானே தீட்டினேன், விரத வயிற்றோடு, கத்தி தீட்டுகிற கல்லில். காகிதத்தில் வைத்தேன், தன்பாட்டில் இறங்கியது. சந்தோசப்பட்டேன். எழுதவே அருவருப்பு.

மான் வேதனைப்படாமல் போகட்டும் என்று மட்டும் முருகனிடம் கேட்டேன். குளித்தேன்.

நவ. 6, வியாழன். சூரன்போர்
மழை. பின்னேரம் கோயில், பத்மா அக்காவோடு மெற்றோவில்.

பத்து மணிக்கு இவர் வந்தார். சேறு, தாடி, பெரிய ஐஸ்பெட்டி. வாசலில் மறித்து, பெட்டியைப் பல்கனியில் வைக்கச் சொன்னேன்.

"எவ்வளவு தூரம் ஓடினது?"

சிரித்துக்கொண்டு தொடங்கியவர் நிறுத்தினார். "இஞ்சயிருந்து மூலை டெப்பனர் கடை மட்டும் இருக்கும். பேந்து படுத்திட்டுது. நாங்கள் கிட்டப் போகேக்க முடிஞ்சுது."

"கத்தினதோ?"
"இல்லை அப்பா." சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, "ஆர் தீட்டினது எண்டு றெஜான் கேட்டவன். உம்மைச் சொன்னன். தன்ரையையும் தீட்டித் தருவீரோ எண்டு கேக்கிறான்."

முனையைக் கழுவிவிட்டாராம், நீட்டினார். வாங்கவில்லை.

கேட்டது கிடைத்தது. குறை சொல்ல வாய் இல்லை.

திரும்பக் குளித்தேன். வேலுக்கு அபிஷேகம் செய்யப் பால் எடுத்து வந்து சாமித்தட்டின் முன் நின்றேன். கை போகவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. படத்தில் மயிலை மட்டும் பார்த்துக் கும்பிட்டேன்.