கால் எட்டாத வண்டி

வீட்டம்மாவுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். இந்தக் கடிதத்தை மட்டும் அவர்களுக்குப் படித்துக் காட்டாதே.

"புதுசா ஓட்டுறவருக்கு க்ரூஸர்தான் சரி. சீட்டு தாழ்வா இருக்கும், ரெண்டு காலையும் தரையில ஊனிக்கலாம்" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாய். நானும் தலையாட்டிவிட்டு ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்கிவிட்டேன். அங்கே நீ ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போவேன் என்று கேட்டதும் கிடங்கில் என்னோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த ரோஷம்தான்.

நேற்றுக் காலை கிடங்கு வாசலில் திரும்பும்போது முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டேன். வண்டி நின்றபடியே சாய்ந்தது. எனக்குக் கால் எட்டவில்லை. நானும் வண்டியும் மெதுவாகத்தான் விழுந்தோம், பயப்படாதே. "என்னண்ணே, வண்டிக்குத் தூக்கம் வந்துருச்சா?" என்றார் வாட்ச்மேன். பெட்டி ஒட்டும் பெண்கள் இரண்டு பேர் ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்கள். மானம் போயிற்று.

முழங்கால் லேசாகப் பிடித்திருக்கிறது. நீ தேய்த்துவிடும் தைலம் ஒரு பாட்டில் அனுப்பு. என் பழைய ஹெல்மெட்டையும் அனுப்பு. இங்கேயும் கிடைக்கும், ஆனாலும் அதுதான் தலைக்குப் பழக்கம்.

சாயங்காலம் வண்டியை மாற்றக் கடைக்குப் போனேன். க்ரூஸரின் பின்சீட்டு நல்ல அகலம். "பின்னாடி யாருங்க உக்காருவாங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நான்தாங்க" என்று வாயில் வந்துவிட்டது.

க்ரூஸர் கைக்கு வரும்வரை கம்பெனி பஸ்தான்; இதோ, ஹாரன் அடிக்கிறது. ஹெல்மெட்டை மறந்துவிடாதே.

உன் பின்சீட்டுக்காரன்