சாலைக்குக் கீழே ஒரு வாசல்

சூசை நகர்,
விழுப்புரம்.
23.9.2012

அன்பு மகள் ஆஷ்லினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நீயும் மாப்பிள்ளையும் ஜெர்லின் குட்டியும் குளிருக்கு வேண்டியதெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும், அதனால் எழுதிவிட்டேன். வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். வெளியே போய்ப் பேசலாம் என்றால் லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. இந்த வீட்டில் ரகசியம் பேச இடமில்லை. அப்பா முடிவெட்டப் போயிருக்கிறார். அதற்குள் எழுதுகிறேன்.

ஜெர்லின் வரைந்த படம் வந்து சேர்ந்தது. அம்மா வளர்ந்த வீட்டை வரையச் சொல்லி அவள் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், படம் சரியா என்று பார்த்து, வீட்டைச் சுற்றி அப்போது என்னென்ன இருந்தது என்று எழுதுங்கள் என்று சொல்லியிருந்தாய். வீட்டை ஒரு மேட்டின்மேல் வைத்து, சாலையைக் கீழே வளைந்து ஓட விட்டிருக்கிறாள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீ கேட்டது. நாம் இங்கே வந்தது 1989. உனக்கு அப்போது ஆறு வயது. மல்லாட்டை பிடுங்கிய கொல்லை, அதில் மஞ்சள் அடித்த மனைக்கற்கள், அவ்வளவுதான் சூசை நகர். மேட்டு மனைகள் நிறைய இருந்தும் அப்பா வேண்டுமென்றே பள்ளத்து மனையை எடுத்தார். பள்ளத்தில்தான் கிணறு சீக்கிரம் ஊறும் என்றார். ஊறியது. தெருவே நம் வீட்டில் வந்து தண்ணீர் எடுத்தது. அப்பா கிணற்றடியில் நின்று எல்லோருக்கும் தானே சேந்திக் கொடுப்பார், அது உனக்கு நினைவிருக்கும். முன்னால் திண்டிவனம் சாலை. இரண்டு பக்கமும் புளியமரங்கள், ஒவ்வொன்றிலும் வெள்ளையடித்து எண் போட்டிருக்கும். எண்களை வாசிக்க நீ கற்றுக்கொண்டது அந்த மரங்களில்தான், என்னிடம் இல்லை, நான் டீச்சராக இருந்தும். சாலைக்கு அந்தப் பக்கம் மாதா கோயில். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓட்டம் ஓடினால் பூசைக்குப் போய்விடலாம். மதகுக் குழாய்க்குள் உட்கார்ந்து நீயும் உன் சித்தப்பா மகன் அந்தோணி பிரபுவும் மேலே போகிற பஸ்ஸின் பெயரைச் சத்தத்தை வைத்தே சொல்வீர்கள். மல்லாட்டை அறுவடை முடிந்தால் மண்ணைக் கிளறி மிச்சக் கடலை பொறுக்கி, பாவாடையில் கட்டிக்கொண்டு வருவாய். இதையெல்லாம் எழுதலாம். எழுதிக்கொண்டே போனால், இவை இன்னும் இருக்கின்றன என்று ஆகிவிடுகிறது.

நாலுவழிச் சாலைக்கு அளக்க வந்தபோது நம் தெருவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. யார் வீட்டுக்கு முன்னால் கல் நடுவார்கள், யார் வீட்டுக்குள் நடுவார்கள் என்று தெரியாது. சாலைப் பக்கம் இருந்த எதிர்வீட்டுக் கெங்கம்மாள் வீட்டில் அடுப்படியிலேயே கல் விழுந்தது. மண்ணை வாரித் தூற்றினாள். நமக்கு வாசல் கேட்டுக்கு வெளியே, கொய்யா மரத்தை ஒட்டி விழுந்தது. தப்பித்தோம். அடுத்த ஞாயிறு நன்றிப் பூசை வைத்தோம். வீட்டைக் காத்துக் கொடுத்ததற்காக என்று பங்குச் சாமியார் பீடத்தில் நம் பெயரை வாசித்தார். கெங்கம்மாள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் வீட்டுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் வளவனூரில் மனை வாங்கி, மாடி எடுத்து, மாடியில் மல்லிகைக்கொடி விட்டிருக்கிறாள். போன மாதம் பார்க்க வந்தாள். சாலையிலிருந்து நம் வீட்டுக்கு இறங்கும் படியில் பக்கவாட்டாகத் திரும்பி, சேலையைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு காலாக வைத்தாள். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு, “ஏ செல்வி, கெணத்துல குடித்தனம் பண்ற மாதிரி இருக்குதுடி. அன்னைக்கு உனுக்குப் பூசை, எனுக்கு ஒப்பாரி. ரெண்டையும் மாத்தி வெச்சிக்கினோம் பாரு” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ 2010இல் வந்தபோது சாலை புதிது. அப்போதே நம் மாடித் தளம்தான் சாலை மட்டம். அதற்குப் பிறகு வலது பக்கம் உணவகம் வந்தது, சாலை உயரத்துக்கு மண் அடித்தார்கள். பின்னால் புதிய மனைப்பிரிவு, அவர்களும் அடித்தார்கள், சுற்றுச்சுவரும் வைத்தார்கள். இடது பக்கம் மட்டும் பழைய மட்டம், அங்கே கருவேல முள். மழை எங்கே பெய்தாலும் தண்ணீர் நம்மிடம் வருகிறது. ‘தானே’ புயலின்போது கட்டிலின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம், உன்னிடம் சொல்லவில்லை. கிணற்று நீரும் வெளி நீரும் ஒரே மட்டமாக நின்றன. அடுப்படியை ஒட்டிய கிணறு எங்கே என்று தெரியாமல் கால் வைக்கப் பயந்து நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை. காலையில் வெயில் பத்து மணிக்கு மேல்தான் வாசலுக்கு வருகிறது. துணி காய்வதில்லை. ஜன்னலில் பார்த்தால் சக்கரம் தெரியும், வண்டி தெரியாது. கோயில் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் தடுப்புச் சுவர். படியேறி, ஓரமாகவே நடந்து, பாலத்துக்குக் கீழே புகுந்து, அந்தப் பக்கம் திரும்பி நடக்க வேண்டும். மணி அடிப்பது கேட்டுக் கிளம்பினால் பிரசங்கம் முடிந்திருக்கும்.

உணவகக்காரர் வீட்டைக் கேட்கிறார். மண் அடித்து மூடி வண்டி நிறுத்த வைத்துக்கொள்வாராம். நல்ல விலைதான் சொல்கிறார். கோயில் தெருவில் வாடகைக்கு ஒரு போர்ஷன் பார்த்து வைத்திருக்கிறேன், சமையலறையில் வெயில் விழுகிறது. அப்பா அசைய மாட்டேன் என்கிறார். இரண்டு காரணம் சொல்கிறார், இரண்டும் நீதான். ஒன்று, வந்தபோது நீ சொன்னது. “விக்காதீங்கப்பா, என் சின்ன வயசு முழுக்க இங்கதான் இருக்குது” என்றாயே, அதை வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறார். இன்னொன்று உனக்குத் தெரியாது. 1992இல் உனக்கு டைபாய்டு வந்து எழுந்திருக்காமல் கிடந்தாய். அப்போதெல்லாம் மாதா தேர் சாலையைத் தாண்டி நம் தெருவுக்குள் வந்து, அதற்கு மேல் கொல்லை என்பதால் நம் வாசலில்தான் திரும்பும். அப்பா உன்னைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். எல்லோரும் தேர்மேல் உப்பும் மிளகும் தூவி வேண்டிக்கொள்ளும்போது அவர் சத்தமாகவே நேர்ந்துகொண்டார். “இவ எழுந்து நடந்தா, நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இதே வாசல்ல நின்னு உனுக்கு உப்பு மொளகு போடுவேன் தாயே, வேற வாசலுக்குப் போகமாட்டேன்” என்றார். நீ நடந்தாய். அயர்லாந்து வரைக்கும் நடந்தாய். அவர் அந்த வாசலிலேயே நிற்கிறார். சாலை வந்த பிறகு தேர் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. பேண்டு சத்தம் கேட்டால் அப்பா கீழே நின்றபடி சத்தம் வரும் திசையில் தூவுவார். நான் சாமியாரிடம் போய்க் கேட்டேன். நேர்ச்சையை வேறொன்றாக மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் நேர்ந்தவர் வந்து கேட்க வேண்டும் என்றார். அப்பாவிடம் சொன்னதற்கு, “நான் மாதாகிட்ட சொன்னேன், சாமியார்கிட்டயா சொன்னேன்?” என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

இந்த வருஷம் திருநாளில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். பிரபு இப்போது ஆட்டோ ஓட்டுகிறான், தேர் தூக்குகிற பையன்களுக்கு அவன்தான் தலைவன். பெரியப்பா வருஷா வருஷம் லாரிக்கு உப்புப் போடுகிறார் என்று யாரோ கேலி செய்திருக்கிறார்கள். அவனுக்குப் பொறுக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம், இரண்டு போலீஸ்காரர்களைக் கெஞ்சி வண்டிகளை நிறுத்தி, தேரைத் தடுப்புச் சுவருக்கு மேலே கைமாற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஹாரன். சாலை விளிம்பு வரைக்கும் வந்து நின்றார்கள். அதற்குக் கீழே செங்குத்துச் சரிவு, காங்கிரீட் கால்வாய், நம் படி. “பெரியப்பா, மேல ஏறி வாங்க, ஜல்தி! லாரிக்காரன் திட்டிக்கினு இருக்கான்” என்று பிரபு கத்தினான். அப்பா புது வேட்டியில், தட்டோடு வாசலில் நின்றுகொண்டு, “நான் வாசல்லதான்டா நிக்கணும், நீங்க எறக்குங்க” என்றார். “எறக்குனா மாதா உருண்டுடும் பெரியப்பா, நாலு படி ஏறுனா என்னா கொறஞ்சா பூடுவீங்க!” அப்பா ஏறவில்லை. கையில் அள்ளி மேலே வீசினார். ஆஷ்லின், அது போய்ச் சேரவில்லை. பாதி தூரம் போய் அவர்மேலேயே திரும்பி விழுந்தது. மறுபடி வீசினார். மறுபடி விழுந்தது. கண்ணில் மிளகு. நின்றிருந்த பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். நாங்கள் நின்ற இடத்திலிருந்து மாதா முகம் தெரியவில்லை. பலகையின் அடிப்பக்கமும், அதில் அடித்த ஆணிகளும், பையன்களின் முழங்கால்களும் தெரிந்தன. சீரியல் விளக்கின் ஒயர் தொங்கியது. அப்புறம் தேரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்பா கிணற்றடியில் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். துண்டைக் கொடுக்கப் போனபோது, “மூஞ்சி தெரியல செல்வி” என்றார். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது தானாகவே, “அவளுக்காக நேர்ந்தது. அவ போதும்னு சொன்னா மாதாவும் போதும்னு சொல்லுவா” என்றார். நான் உடனே போனை எடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டார். நாம் கேட்டு அவள் சொல்லக் கூடாது, அவளாகச் சொல்ல வேண்டுமாம். அவர் கேட்க மாட்டார், நான் கேட்கக் கூடாது, உனக்குத் தெரியவே தெரியாது. இதைவிட நன்றாக ஒரு வீட்டை யாராலும் பூட்ட முடியாது. அதனால்தான் திருட்டுத்தனமாக எழுதுகிறேன். நீயாகவே எழுதுவது போல அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. போனில் வேண்டாம், போனில் உன் குரல் நடுங்கினால் கண்டுபிடித்துவிடுவார். உன் சின்ன வயசு இங்கே இல்லை, இங்கே இருந்தது போதும் என்று எழுது. அது பொய்யில்லை. புளியமரங்கள் இல்லை, மதகு இல்லை, கொல்லை இல்லை, இருப்பது நாங்கள் இரண்டு பேரும் ஒரு பள்ளமும்தான். உனக்கு வருத்தமாக இருக்கும். இருக்கட்டும். நீ வருத்தப்பட அங்கே இடம் இருக்கிறது. நான் சில நாள் மேலே ஏறி, சாலை ஓரம் சும்மா நின்றுவிட்டு இறங்குகிறேன். அது உங்கள் யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழைக்கு முன்னால் எழுது.

மற்றபடி, ஜெர்லினுக்கு இரவில் தயிர் கொடுக்காதே. நைட் டியூட்டி முடிந்து வந்ததும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தூங்கு, வெறும் வயிற்றோடு படுக்காதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ஜெபமாலையை விடாதே. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, வரும்போது எங்காவது வைத்துவிட்டு அப்பா கண்ணில் பட வேண்டாம்.

படத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நேற்று அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் வைத்துப் பார்த்தார். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பினார். சாலை மேலே போயிற்று, வீடு கீழே வந்தது. “இப்ப சரியா இருக்குது பாரு” என்று அப்படியே சுவரில் ஒட்டிவிட்டார். குழந்தையிடம் இதைச் சொல்லாதே. மாற்றி வரைய வேண்டாம் என்று மட்டும் சொல்.

உன் பதிலுக்காகப் படியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா
சி. இருதயசெல்வி