குறையாமல் பார்த்துக்கொள் ஆத்தா

மேட்டமலை
12.7.2007

அன்பு மகள் ரோஜாவுக்கு அப்பா செல்லச்சாமி எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம், உன் சுகம் நேற்றே தெரிந்துவிட்டது, ஆனாலும் உன் கையால் ஒரு வரி எழுது.

நேற்று மத்தியானம் பயராபீஸில் நாங்கள் இருவரும் தூக்குவாளியைத் திறந்த நேரம், போர்மேன் உக்கிரபாண்டி ஓடி வந்து, ரோஜா போன் பண்ணுச்சு, கந்தகம் ரொம்பக் குறைஞ்சுபோச்சாம், அதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு என்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நம் பட்டாசுப் பிழைப்பில் கந்தகம் குறைந்தால் வெடி புஸ்ஸென்று போகும், லோடு திரும்பி வரும், வேறென்ன நினைப்பார். மாதக் கடைசிக்குள் சோதனை சரியாக வராவிட்டால் வேலை போய்விடும் என்று எழுதியிருந்தாயே, போயே போய்விட்டது என்று அம்மா ஒரே அழுகை. பிள்ளையை வரச் சொல்லுங்க, இங்கன திரி சொருக ஆளில்லை என்று கூட வேலை பார்க்கும் சோணைமுத்து ஆறுதல் வேறு சொன்னான். சாயங்காலம் வந்ததும் உன் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன் தாயி. இரும்புத் தாதை மாவாக அரைத்துத் தண்ணீரில் கரைத்து, மருந்து விட்டுக் காற்று ஊதினால் கந்தகம் நுரையோடு மேலே வரும், அதை வழித்தெடுத்துவிட்டு மிச்சத்தை உருண்டை பிடித்துச் சூளையில் சுடுவோம், கந்தகத்தோடு சுட்டால் புகை ஊரைக் கெடுக்கும், அதைக் குறைக்கத்தான் மூன்று மாதமாக மல்லுக்கட்டுகிறோம் என்று எழுதியிருக்கிறாய். குறைக்கத்தான்! அடியே மாரித்தாய், நம்ம பிள்ளை ஜெயிச்சிருச்சுடி என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. இன்று உக்கிரபாண்டி, வழிச்சுக் கொட்டுறதை ஒரு லோடு இங்க அனுப்பச் சொல்லுங்க, சீசன் நேரம் என்கிறார். இருபத்தெட்டு வருசமாக என் நகக்கண்ணில் அந்த மஞ்சள் போனதில்லை, என் மகள் அதைக் கழுவி எடுத்துவிட்டாள் என்று நினைக்க நினைக்க உட்கார இருப்புக்கொள்ளவில்லை. அந்த மருந்து நாறும் என்றாயே, மூக்கில் துணி கட்டாமல் கிட்டே போகாதே.

இன்னொரு கூத்தையும் கேள். அம்மா யாருக்கும் சொல்லாமல் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள், இன்றுதான் வாயைத் திறந்தாள். மூன்று மாதமாகத் தினமும் அவள் வேண்டியது, "ஆத்தா, எம்பிள்ளைக்குக் கந்தகம் குறையாமப் பாத்துக்க." உன் சோதனை ஏன் இம்புட்டு நாள் இழுத்தது என்று இப்போது தெரிகிறதா? ஆடிக் கடைசி வெள்ளிக்கு லீவு போட்டு வந்து, ஆத்தாளிடம் உன் வாயால் சரியாகச் சொல்லிவிட்டுப் போ.

மாரியம்மன் துணையிருப்பாள், நல்லா இரு தாயி. இனிமே குறையச் சொல்லியே கும்பிடுதேன், சோத்தை மட்டும் குறைச்சுராதேன்னு எழுதுங்க என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள்.

உன் அப்பா,
பே. செல்லச்சாமி