ஓட்டுக்கு மேல் ஒரு படி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம், கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறேன்.

தேர்தல் ஜனநாயகம்தான் அரசியலின் கடைசிப் படி, அதற்கு மேல் ஏற ஒன்றுமில்லை என்று என்னோடு மல்லுக்கு நிற்பீர்களே. எங்கள் தொழிலாளர் விடுதியில் அதற்கும் மேல் ஏறிப் பார்த்துவிட்டோம்.

போன வாரத் தேர்தலில் நான் விடுதித் தலைவன் ஆனேன். தலைகால் புரியவில்லை. காலையில் கூடத்தில் டிவி போடலாம் என்று ஓட்டெடுத்து முடிவு செய்தோம். மறுநாள் காலை, இரவு ஷிப்ட் முடித்துத் தூங்க வந்த வெல்டர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நாங்க பன்னெண்டு பேரு, நீங்க நாப்பது. எந்த ஓட்டுல நாங்க ஜெயிச்சு, எப்ப தூங்குறது தம்பி?"

எனக்குச் சுருக்கென்றது. எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு, பதவியை விட்டுவிடுகிறேன், இனி மாதம் ஒரு தலைவரைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம் என்றேன். அதையும் ஓட்டுக்குத்தான் விட்டோம், சிரிக்காதீர்கள். முதல் சீட்டு, வாயே திறக்காத கிரேன் டிரைவருக்கு விழுந்தது. அவர் எழுந்து, "காலையில டிவி வேண்டாம். தூங்குறவங்க தூங்கட்டும்" என்றார். கூடமே கை தட்டியது. பதவி போன எனக்குத்தான் அதிக சந்தோஷம்.

நான் சொல்வது தப்பென்றால் மறுத்து எழுதுங்கள். போனில் வேண்டாம், நாலு பக்கக் கடிதமாக. இங்கே என்னோடு சண்டை போட ஆளில்லை. வேலைக்குப் போகும் பஸ் ஹார்ன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்