ஆறு பேருக்கு ஒரு நம்பர்

2025 ஜூன் 8, ஞாயிறு

கடைக்குப் போனோம். ரவை, துணி சோப்பு, நாப்கின், ஊறுகாய். பில் கவுன்டரில் நிற்கும் எழிலரசி வழக்கம்போல், "நம்பர் சொல்லுக்கா" என்றாள். சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற சுகப்பிரியாவும் அதே நம்பரைச் சொன்னாள். அறையில் ஆறு பேர். ஆறு பேரும் அந்த ஒரு போன் நம்பரில்தான் பாயின்ட் சேர்க்கிறோம். தனித்தனியாகச் சேர்த்தால் பரிசு வாங்குவதற்குள் கிழவியாகிவிடுவோம். கூட்டாகச் சேர்த்ததில் வருடத்துக்கு ஒரு ஹாட்பாக்ஸ். மூன்று இருக்கின்றன. உள்ளே வைக்கச் சூடாக எதுவும் சமைப்பதில்லை.

நம்பர் என் அண்ணன் மாரிமுத்துவுடையது. மூன்று வருடம் முன்பு ஒரகடத்தில் வந்து இறங்கிய வாரம் என் சிம் வேலை செய்யவில்லை. கடை அட்டைக்கான படிவத்தில் அவன் நம்பரை எழுதினேன். மாற்றுவதென்றால் ஓடிபி அவனுக்குத்தான் போகும். "எதுக்குளா மாத்துத?" என்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மூன்று வருடம்.

ஜூன் 9, திங்கள்

கம்பெனி பஸ்ஸில் யோசித்தது. இந்த அட்டையால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. என் பிறந்தநாள் வாழ்த்து அண்ணன் போனுக்குப் போகிறது; அதைப் பார்த்துத்தான் அவனுக்கு ஞாபகம் வருகிறது. எவ்வளவுக்கு வாங்கினேன் என்ற மெசேஜும் போகிறது. நாலு நாள் வராவிட்டால், "மெசேஜ் ஒண்ணும் காணல, சாப்பிடுதியா இல்லியா?" என்று கேட்பான். அன்பு இப்படியும் கணினி வழியாக வரலாம்.

தீமை: இரட்டைப் பாயின்ட் நாளில் நான்கு கிலோ ரவை வாங்கினோம். வண்டு வந்துவிட்டது. வண்டுக்குப் பாயின்ட் கிடையாது.

ஜூன் 22, ஞாயிறு

சுகப்பிரியா வல்லக்கோட்டைக் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பென்னலூர் போய்வந்தாள். முருகன் இதோடு எத்தனை முறை பொய்ச்சாட்சி சொல்லியிருப்பார்? பென்னலூர் ஜோயலை அவள் பதிவுத் திருமணம் செய்து மூன்று மாதமாகிறது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் எங்கள் ஊர், அடுத்த தெரு. நான் இருக்கும் தைரியத்தில்தான் அவள் அப்பா இங்கே அனுப்பினார். ஆவணியில் அவள் அக்காவுக்குக் கல்யாணம். அது முடிந்ததும் வீட்டில் சொல்லிவிடுவாளாம்.

அவள் அப்பா கோபக்காரர் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தம்பி மகளை வேறு சாதிப் பையனோடு பார்த்த அன்று அவர் என்ன செய்தார் என்பதையும் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

கடையில் பில் தரவில்லை.

"பேப்பர் பில்லு இனிமே கெடையாதுக்கா. வாட்ஸப்ல வந்துடும். மரத்த காப்பாத்துறாங்களாம்" என்றாள் எழிலரசி.

"எந்த மரத்த?"

"எனக்கின்னா தெரியும்? இங்க இன்னா மரமா கீது?"

கடை கட்ட வெட்டிய புளியமரத்தை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

இனி எவ்வளவுக்கு என்பது மட்டுமல்ல, என்ன வாங்கினோம் என்பதும் அண்ணனுக்கு வரிவரியாகப் போகும். அறையில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். பிரியாவிடம் சொல்லவில்லை. எனக்கு ஏ ஷிஃப்ட், அவளுக்கு பி. ஒரே பாயில் வேறு வேறு நேரத்தில் தூங்குகிறோம்.

ஜூலை 4, வெள்ளி

ஓவர்டைம். பிரியாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு அண்ணன் அழைத்தான்.

"ஏளா தங்கமாரி, கடையிலருந்து சீட்டு வந்துருக்கு. தேங்கா எண்ணெ, ஷாம்பு, சரி. ஆம்பள ஜட்டி, தொண்ணூறு சென்டிமீட்டர், ரெண்டு. இது யாருக்குளா?"

"ரூம்ல யாராவது வாங்கிருப்பாவண்ணே. எல்லாரும் ஒன் நம்பரத்தான் சொல்லுவோம்."

"யாராவதுன்னா? நம்ம சுகப்பிரியாவா? இரு, அவ அப்பா எதுத்தாப்ல டீக்கடையிலதான் நிக்காரு. கேட்டுருதேன்."

அவன் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

"வேண்டாம். நாந்தான் வாங்குனேன்."

சத்தம் நின்றது.

"யாருக்கு?"

நான் படித்த கதைகளில் இந்த இடத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள். யாரும் தட்டவில்லை. "வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மாலையில்

பிரியா அழுதாள். "வாய் பழகிப்போச்சுக்கா. நேத்து இரட்டைப் பாயின்ட் வேற. நம்பர்னு எழிலரசி கேக்கவுமே தானா வந்துட்டு." பிறகு, "எங்கப்பாட்ட நானே சொல்லிருதேன்க்கா" என்றாள்.

"சொல்லி?"

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "ஒங்கக்கா கல்யாணம் முடியட்டும்" என்றேன். ஐந்து நாள் இருந்ததே. ஒரு வார்த்தை. அவள் தலையணைக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தால் போதும். ஐந்து நாளும் என்னத்தக் கிழிச்சேன்? கம்பெனியில் சர்க்யூட் போர்டில் குறை பார்த்தேன். நாளுக்கு ஆயிரத்து இருநூறு போர்டு, ஒரு குறை விடாமல்.

ஜூலை 8, செவ்வாய்

அண்ணன் சிங்கப்பெருமாள் கோவில் நிறுத்தத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டான். அடிக்கவில்லை. யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று மட்டும் கேட்டான். இல்லாத ஒருவனைக் காட்டிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. அவன் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டான். பெட்டியை அவனே கட்டினான். புத்தகங்களை வேண்டாம் என்று ஒதுக்கினான்.

வாசலில் பிரியாவைப் பார்த்து, "நல்லாருக்கியாம்மா? நீயாவது ஒழுங்கா இரி" என்றான். அவள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சூப்பர்வைசர் ராமனிடம் போனில் சொன்னேன். "இன்னாம்மா, திடீர்னு கெளம்பிகினு கீற? லைன்ல ஆள் இல்ல" என்றார். மூன்று வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இதுதான்.

ஜூலை 20, ஞாயிறு

ஊர். போன் அண்ணனிடம்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு வந்த பிரியா பின்வாசலில் இரண்டு நிமிடம் நின்றாள். ஆவணியில் அக்கா கல்யாணம் முடிந்தது. அக்காவின் தலைதீபாவளி முடியட்டும் என்று இருந்தாளாம். இப்போது அக்கா மாசமாக இருக்கிறாள், வளைகாப்பு முடியட்டுமாம். "கோவப்படாதீங்கக்கா" என்றாள். கோபமா? அதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

சங்கரன்கோவிலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்: "பிள்ள வேலைக்கு எங்கயும் போயிருக்காளா? மெட்ராஸ் பக்கம் கம்பெனிக்குப் போன பிள்ளைன்னா வேண்டாம்னு இருக்கோம்."

"இல்லத்தே. காலேஜ் முடிச்சதுலருந்து வீட்லதான். எங்கயும் அனுப்புனதில்ல" என்றான் அண்ணன். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பயந்திருந்தான்.

ஒரகடத்தில் மூன்று வருடம், இரண்டு மாதம்.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கம்பெனியில் நாள் முழுக்கக் கையுறை போட்டே இருந்த கை. "வேலவெட்டிக்குப் போகாத கைதான். பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள்.

காப்பிக்குச் சீனி போதுமா என்று கேட்டேன்.